மீசாலைக்கு ஒரு கப்ளரைப் பார்க்கப் போனேன்

போன மாதம் இந்தப் பக்கத்தை வாசிக்கும் ஒரு தங்கச்சி கேட்டு எழுதியிருந்தார். அவருடைய அண்ணா வாகன விபத்தில் இறந்துவிட்டாராம். அந்த வாகனம் இன்னும் ஒரு இடத்தில் நிற்கிறதாம். போய்ப் பார்க்கலாமா, பார்த்தால் தாங்குமா என்று கேட்டார். எனக்கு அறிவுரை சொல்லத் தெரியாது. நான் அப்படி ஒரு தடவை போனேன். அதைப் போனபடியே எழுதுகிறேன்.

அது 1993ஆம் ஆண்டு, ஆவணி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. உடுவிலில் இருந்து மீசாலைக்குப் போனேன், ஏறக்குறைய பதினாறு மைல். யாழ்ப்பாணத்தில் அப்போது போர்க்காலம், மின்சாரம் இல்லை, பெற்றோல் இல்லை. ஓடிய கொஞ்ச வாகனமும் மண்ணெண்ணெயில்தான் ஓடியது. பதினாறு மைல் போய்வர ஒரு முழுப் பகல் வேண்டும்.

போன காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். என் கணவர் தருமலிங்கம் வாகனங்களுக்கு வயர் வேலை செய்பவர். வயர்களை ஒன்றோடு ஒன்று சேர்க்க இரண்டு பிளாஸ்ரிக் பெட்டிகள் இருக்கும். ஒன்றுக்குள் ஒன்று போகும். கப்ளர் என்று சொல்வார்கள். ஒரு பெட்டியில் சின்ன நாக்கு, மற்றதில் ஒரு பல். முழுதாக அழுத்தினால் நாக்கு பல்லைத் தாண்டி விழும். அப்போது ‘டிக்’ என்று ஒரு சத்தம், சுவரில் பல்லி சொல்வதைவிடச் சின்னச் சத்தம். அந்தச் சத்தம் கேட்டால் கப்ளர் பூட்டிவிட்டது, இனி இழுத்தாலும் வராது.

முழுதாகச் சேராத கப்ளரும் வேலை செய்யும், அதுதான் அதில் உள்ள கள்ளம். விளக்கு எரியும், ஹோர்ண் அடிக்கும். நாலு குழியில் விழுந்தெழும்பிய பிறகுதான் கழன்று போகும்.

இவருக்குக் காது சரியில்லை. கல்யாணத்துக்கு முன் அரிசி ஆலையில் என்ஜினுக்குப் பக்கத்தில் பன்னிரண்டு வருடம் நின்றவர். கதைத்தால் கேட்கும், ‘டிக்’ கேட்காது. அதனால் வீட்டு முற்றத்தில் வேலை செய்தால் என்னைக் கூப்பிடுவார். நான் பக்கத்தில் ஒரு பலகைக் கட்டையைப் போட்டு இருப்பேன். அவர் அழுத்திவிட்டு, “விழுந்திட்டுதோ?” என்பார். சத்தம் கேட்டிருந்தால் “ஓம், விழுந்திட்டுது” என்பேன். கேட்காவிட்டால் “இல்லை” என்பேன், மறுபடி அழுத்துவார். பதினொரு வருடம் இப்படித்தான்.

“எனக்குக் காது போயிட்டுது, உனக்கு வாய் போகேல்லை. ரெண்டையும் சேத்தால் ஒரு முழு வயர்மன்” என்று வாகனக்காரரிடம் சொல்வார்.

கடைசியாகச் செய்த வேலை மீசாலைத் தேங்காய் வியாபாரி ஒருவரின் வான். முன் விளக்கு விட்டுவிட்டு எரிகிறது என்று கொண்டுவந்தார். அன்றைக்குப் பக்கத்து வளவில் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கும் பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. இவர் விளக்குக் கப்ளரை அழுத்திவிட்டு, “விழுந்திட்டுதோ?” என்றார். பம்ப் இரைச்சலில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அடுப்பில் சோறு பொங்கி ஊற்றுகிற மணம் வந்தது. இவர் மறுபடி, “என்னப்பா, விழுந்திட்டுதோ?” என்றார். “ஓம் ஓம், விழுந்திட்டுது” என்று சொல்லிக்கொண்டே குசினிக்குள் ஓடினேன்.

பின்னேரம், இருட்டில் விளக்கு எப்படி என்று பார்க்க இவரும் அந்த வானில் மீசாலைக்குப் போனார். நாவற்குழிப் பாலம் தாண்டி, கைதடிக்கு முன்னால், வான் றோட்டை விட்டு இறங்கிச் சேற்றுக்குள் பிரண்டது. வியாபாரிக்குக் கால் முறிந்தது. இவர் அந்த இடத்திலேயே போய்விட்டார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி வியாபாரி சொன்னது இவ்வளவுதான்: “வெளிச்சம் திடீரெண்டு போயிட்டுது.”

அந்தச் சொல்லைச் செத்தவீடு, எட்டுச் செலவு, அந்தியேட்டி எல்லாவற்றுக்குள்ளும் சுமந்துகொண்டு திரிந்தேன். ஒருவரிடமும் சொல்லவில்லை.

முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்து இரண்டு கிழமை கழித்து மீசாலையில் இருந்து ஒரு செய்தி வந்தது. வானை வியாபாரி செபமாலை அண்ணையின் கராஜில் விட்டுவிட்டார், என்ஜினைக் கழற்றியாயிற்று, சனிக்கிழமை அண்ணை வயர்களையும் கழற்றப் போகிறார், தருமுவின் வேலை ஆயுதம் ஏதும் வானுக்குள் கிடந்தால் வந்து எடுங்கோ என்று. செபமாலை அண்ணை குருநகர் ஆள். பட்டணத்தில் ஒரே கராஜில் இவரோடு பத்து வருடம் வேலை செய்தவர். இடம்பெயர்ந்து மீசாலையில் கொட்டில் போட்டு இருந்தார். ஆயுதத்துக்காக நான் போகவில்லை. சனிக்கிழமை வயர் கழன்றுவிட்டால் அந்தக் கப்ளர் பூட்டியிருந்ததா இல்லையா என்று இந்தப் பிறவியில் எனக்குத் தெரிய வராது. அதனால் வெள்ளிக்கிழமை வெளிக்கிட்டேன்.

காலை ஐந்தே முக்காலுக்கு இவருடைய அக்கா பூமணி மச்சாளின் சைக்கிள் கரியரில் ஏறினேன். மச்சாள் திருநெல்வேலிச் சந்தைக்குக் கீரை கொண்டு போகிறவர். முன்னால் கீரைக்கட்டு, பின்னால் நான். மருதனார்மடம் வரை சைக்கிளை மிதிப்பதிலேயே இருந்தார். பிறகு தொடங்கினார்.

“முப்பத்தொண்டு முடிஞ்ச கையோடை இப்பிடி வெளிக்கிடுறாய். சனம் என்ன கதைக்கும்?”

“ஆயுதம் எடுக்கப் போறன் எண்டு சொல்லுங்கோ.”

“குறடு எடுக்கப் பதினாறு மைலோ? ஆரும் வரேக்கை குடுத்துவிடச் சொல்லலாம்தானே.”

“செபமாலை அண்ணையைப் பாத்தும் கனகாலம்.”

“உவள் எனக்குப் பொய் சொல்லுறாள்” என்று கீரைக்கட்டுக்குச் சொல்வதுபோலச் சொன்னார். ஆனால் மிதித்துக்கொண்டே இருந்தார். கோண்டாவில் ஏற்றத்தில் நான் இறங்கி நடக்கிறேன் என்றதற்கும் விடவில்லை. ஆறரைக்குத் திருநெல்வேலிச் சந்தியில் இறக்கிவிட்டு, சேலைத் தலைப்பில் முடிந்திருந்த ஐம்பது ரூபாயை அவிழ்த்து என் கைக்குள் வைத்துப் பொத்திவிட்டுச் சந்தைக்குள் போனார்.

அங்கிருந்து நல்லூர் முத்திரைச்சந்திக்கு ஒன்றரை மைல் நடந்தேன். அரை மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூட எடுத்தது. கொடிகாமம் போகும் மினிவான் அங்கே நின்றது. ஆள் நிரம்பாமல் எடுக்க மாட்டார்கள். ஏழே காலுக்கு ஏறி எட்டு இருபது வரை உள்ளே இருந்தேன். மீசாலைக்கு இருபத்தைந்து ரூபாய். ஏறினால் டிரைவருக்குப் பின்னால் உள்ள வரிசையில் இருங்கள். கடைசி வரிசையில் மண்ணெண்ணெய்ப் புகை முழுதும் உள்ளே வரும், வயிற்றைக் குமட்டும்.

செம்மணி வெளி தாண்டும்போது காற்று உப்பாக வீசியது. பாலம் வந்ததும் நான் டிரைவரிடம், “தம்பி, ஒண்டரை மாசத்துக்கு முன்னம் ஒரு வெள்ளை வான் பிரண்டதே, எவ்விடத்திலை?” என்று கேட்டேன்.

“உதிலைதான் அக்கா, உந்தக் கல்லுக்கு இஞ்சாலை” என்று கையை நீட்டினான். பிறகு கண்ணாடியில் என்னைப் பார்த்தான். வெறும் நெற்றியையும் பார்த்திருப்பான். “நிப்பாட்டட்டோ அக்கா?”

“வேண்டாம். போங்கோ.”

“மெல்லமாய்ப் போறன்.”

மெல்லமாகப் போனான். றோட்டுக் கரையில் ஒரு முழம் அகலத்துக்குப் புல் பிய்ந்திருந்தது. அதற்கு அங்கால் சேறு. சேற்றில் இரண்டு கொக்கு நின்றது. வேறு ஒன்றும் இல்லை. பின்னால் இருந்த ஒரு மனிசன், “என்ன, மாட்டு வண்டிலோ ஓட்டுறாய்?” என்று கேட்டார். டிரைவர் வேகத்தைக் கூட்டவில்லை. கைதடிச் சந்திக்குப் பிறகுதான் பழையபடி ஓட்டினான். அந்த டிரைவருக்கு இப்போது அறுபது வயது இருக்கும். எங்கே இருந்தாலும் நல்லாக இருக்க வேண்டும்.

மீசாலையில் இறங்கப் பத்து மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது. பிரதான றோட்டில் இருந்து உள்ளே கால் மைல், தென்னங்காணிக்குள் மணல் ஒழுங்கை. கராஜ் என்றால் நாலு தென்னங்குற்றி, மேலே கிடுகுக் கூரை. அதற்கு வெளியே, வெயிலில், அந்த வான். மூக்கின் இடதுபக்கம் உள்ளே போயிருந்தது. கண்ணாடிகள் இல்லை. சில்லுகளும் இல்லை, கல்லின்மேல் இருந்தது.

செபமாலை அண்ணை கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். “வா தங்கச்சி. தேத்தண்ணி குடி முதல்.”

“பிறகு குடிக்கிறன் அண்ணை. முன் வயரிலை கை வைச்சிட்டியளோ?”

“இல்லை. நாளைக்குத்தான். ஏன்?”

அங்கே வைத்துத்தான் முதல் முதல் வாய் திறந்து சொன்னேன். பம்ப் ஓடியதையும் சோறு பொங்கியதையும், கேட்காமலே “ஓம்” சொன்னதையும். அவர் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் தலையைச் சொறிந்தார்.

“எந்தப் பக்க விளக்கு?”

“வலப்பக்கம். இடப்பக்கத்துக்குப் பல்ப் கிடைக்கேல்லை எண்டு ஒண்டுதான் போட்டது.”

“கப்ளர் விழாமல் கிடந்தால் நீ என்ன செய்யப்போறாய்?”

“தெரியாது அண்ணை.”

“அப்ப பாக்காமல் போ. நான் கழட்டி எறிஞ்சுபோட்டு, விழுந்துதான் கிடந்தது எண்டு சொல்லியனுப்பிறன்.”

“நீங்கள் சொன்னால் நான் நம்பமாட்டன்.”

“அதுவும் சரிதான்” என்றார். ஒரு ஸ்குறூ டிரைவரை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார்.

வலப்பக்க விளக்கை நாலு ஆணி கழற்றி வெளியே எடுத்தார். பின்னால் வயர்க்கட்டு வந்தது. சேறு காய்ந்து ஓடுபோல ஒட்டியிருந்தது. அவர் பழைய துணியால் துடைத்தார். கறுப்புக் கப்ளர், இரண்டு பெட்டியும் ஒன்றோடு ஒன்று சேர்ந்திருந்தது. ஆனால் கிட்ட இருந்தாலும் பூட்டாமல் இருக்கலாம், அது எனக்குத் தெரியும். நாக்குப் பக்கத்தைப் பார்க்க முடியவில்லை, அவருடைய பெருவிரல் மறைத்தது. அவர் அதை வெயிலுக்குத் திருப்பினார். பிறகு சிரித்தார்.

“இஞ்சை வா. இதென்ன சொல்லு பாப்பம்?”

நாக்குக்கு அடியில் ஒரு மெல்லிய குச்சி செருகியிருந்தது. அரை விரல் நீளம். சேறு பட்டுக் கறுத்திருந்தது.

“ஈர்க்கு” என்றேன்.

“ஓம். ஈர்க்குத்தான். தங்கச்சி, புது ஜப்பான் கப்ளருகளிலை நாக்குக்கு அடியிலை செருக ஒரு சின்னச் சிவப்புத் துண்டு வரும். பூட்டுக்குப் பூட்டு. நாக்கு முழுக்க விழுந்தால்தான் அது உள்ளுக்குப் போகும். அரைகுறையாய் நிண்டால் இடம் விடாது. எங்களுக்கு எங்கை அந்தத் துண்டு கிடைக்கும்? தருமுதான் ஈர்க்கைப் பிடிச்சவன். அளவாய்ச் சீவிச் செருகிப் பாப்பான். போகுதெண்டால் விழுந்திட்டுது. போகேல்லையெண்டால் திருப்பி அமத்துவான்.”

இவர் என் புது விளக்குமாற்றில் ஈர்க்கு முறிப்பதற்கு நான் எத்தனை தடவை ஏசியிருப்பேன். பல்லுக் குத்த என்றுதான் நினைத்தேன். “முப்பத்திரண்டு பல்லுக்கு ஒரு விளக்குமாறோ” என்று கேட்டிருக்கிறேன். அவரும் வாயைத் திறந்து ஒன்றும் சொன்னதில்லை. வேலை முடியும்போது நான் எப்போதும் குசினிக்குள் போய்விடுவேன், செருகுவதைக் கண்டதில்லை.

“நீயே இழுத்துப் பார்” என்று கப்ளரை என் கையில் தந்தார். இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். வரவில்லை. காலை வானில் ஊன்றிக்கொண்டு இழுத்தேன். வரவில்லை.

“பல்ப் கருகியிருக்கு” என்று செபமாலை அண்ணை விளக்குக்குள் பார்த்துச் சொன்னார். “பிரள முன்னம் போனதோ, பிரண்ட பிறகு போனதோ, அது எனக்குத் தெரியாது. தெரியுமெண்டு சொன்னால் பொய். ஆனா உன்ரை கப்ளர் விழுந்துதான் கிடக்குது.”

அதற்குப் பிறகுதான் தேத்தண்ணி குடித்தேன். சீனி இல்லை, பனங்கட்டி கடித்துக்கொண்டு குடித்தோம். குடிக்கும்போது ஒரு கேள்வி வந்தது. “அண்ணை, ஈர்க்கு வைச்சே தெரியுமெண்டால் பிறகேன் என்னைக் கேட்டவர், விழுந்திட்டுதோ விழுந்திட்டுதோ எண்டு?”

செபமாலை அண்ணை கோப்பையைக் கீழே வைத்தார். “உன்னைக் கேக்கிறவனோ?”

“ஒவ்வொரு கப்ளருக்கும்.”

“நான் பத்து வருசம் அவனுக்குப் பக்கத்திலை இருந்தனான். எனக்குக் காது நல்லாய்க் கேக்கும். ஒருநாள் எண்டாலும் என்னைக் கேட்டதில்லை.” கோப்பையை மறுபடி எடுத்தார். “என்ரை குரல் பிடிக்கேல்லைப்போலை.”

நான் எழும்பிப் போய்க் கிணற்றடியில் முகம் கழுவினேன். கனநேரம் கழுவினேன். திரும்பி வந்தபோது அவர் இவருடைய குறடு ஒன்றையும் இரண்டு ஸ்குறூ டிரைவரையும் கடதாசியில் சுற்றி வைத்திருந்தார். அந்தக் கப்ளரை வெட்டித் தரட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அந்த நாளில் ஒரு நல்ல கப்ளர் கிடைப்பது லேசில்லை. வேறு ஒரு வானுக்குப் போடச் சொல்லிவிட்டு வந்தேன்.

இரண்டரைக்குப் பிரதான றோட்டுக்கு வந்தேன். மூன்றே காலுக்குத்தான் வான் கிடைத்தது. கைதடி தாண்டியபோது கூட்டத்தில் நசுங்கி நின்றதால் அந்த இடத்தைப் பார்க்கவில்லை. முத்திரைச்சந்தியில் இருந்து வீடு வரைக்கும் ஐந்து மைலும் நடந்தேன். வீட்டுக்கு வரும்போது ஆறரை மணி. பூமணி மச்சாள் என் வீட்டில் விளக்குக் கொளுத்தி வைத்துவிட்டு இருந்தார். அவருக்கும் எல்லாம் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றுதான்: “விழாமல் கிடந்திருந்தால் என்னட்டைச் சொல்லியிருப்பியோ?” சொல்லியிருக்க மாட்டேன் என்றேன். “தெரியும்” என்று சொல்லிவிட்டுச் சோறு போட்டுத் தந்தார்.

போக நினைக்கிறவர்களுக்குச் சில விஷயம். விடியப் போங்கள், சூரியன் சாயும் முன் திரும்புங்கள். அந்த இடத்தில் வெளிச்சம் நல்லாக இருக்க வேண்டும், அரைகுறையாகப் பார்த்துவிட்டு வந்தால் பார்க்காததைவிட மோசம். தண்ணீர் கொண்டு போங்கள். வாகனத்தைக் கழற்றத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும், அவர் உங்களுக்காகப் பொய் சொல்லாதவராக இருக்க வேண்டும். இப்போது யாழ்ப்பாணத்தில் இருந்து மீசாலைக்கு பஸ்ஸில் ஒரு மணித்தியாலம்கூட இல்லை. அந்தத் தென்னங்காணியில் வீடுகள் வந்துவிட்டன. செபமாலை அண்ணையும் இல்லை.

தாங்குமா என்று அந்தத் தங்கச்சி கேட்டார். எனக்கு நல்ல விடை கிடைத்தது, அதனால் தாங்கியது. மற்ற விடை கிடைத்திருந்தால் என்ன என்று எனக்குத் தெரியாது, தெரிந்ததுபோல எழுத மாட்டேன். நல்ல விடையிலும் ஒரு மிச்சம் இருக்கிறது. அன்றைக்கு அந்த ஈர்க்கு முதல் தரத்திலேயே உள்ளே போனதா, அல்லது போகாமல் நின்று, நான் பொய் சொன்னது தெரிந்து, இவர் ஒன்றும் பேசாமல் திருப்பி அழுத்தினாரா? மத்தியானம் சோற்றுக்கு வந்து இருந்தபோது என்னைப் பார்த்துச் சிரித்தார். சோறு அடிப்பிடித்ததற்கு என்று நினைத்தேன். பொய் அவரைக் கொல்லவில்லை, அவ்வளவுதான் மீசாலையில் தெரிந்தது. பொய் சொன்னது சொன்னதுதான்.

அதனால் வாகனம் பார்க்கப் போகாதவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். வேலை செய்துகொண்டு யாராவது உங்களிடம் கேட்டால், உங்களுக்குச் சத்தம் கேட்கவில்லை என்றால், கேட்கவில்லை என்று சொல்லுங்கள். இன்னொரு தரம் அழுத்துவார்கள். அதற்கு அரை நிமிடம் போதும். சோறு கொஞ்சம் அடிப்பிடிக்கும், பரவாயில்லை, பக்கத்தில் இருங்கள்.